ஐந்து முடிச்சுக் கயிறு

ஜெயிப்பதற்கு என் அக்கா புருஷனைப் போல் அலைந்த மனிதரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். லாரி கிளீனராக விஜயவாடா வரை போயிருக்கிறேன். செங்கல் சூளையில் இருந்திருக்கிறேன். பம்பாயில் ஓட்டல் மேசை துடைத்திருக்கிறேன். சீட்டாட்டத்தில் தோற்றுப்போய்க் கத்தியெடுத்த ஒருவனோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். அவன் கத்தியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினான். தோற்ற நாளில் இவர் தூங்கமாட்டார், அக்காவையும் தூங்க விடமாட்டார்.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குவார்ட்டர்ஸ் வீட்டின் ஹாலில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசில், அவர் ஜெயித்துக்கொண்டு வந்த சாமான்கள் இருக்கும். மியூசிக்கல் சேரில் ஒரு எவர்சில்வர் டம்ளர். கேரம் போர்டில் ஒரு சுவர்க் கடிகாரம், அது ஓடாது. எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. அந்த ஓட்டத்தில் அவர் ஸ்பூனில் வெல்லப்பாகு தடவிக்கொண்டு ஓடினார் என்பது பிளாக் முழுக்கத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெட்டியில் சோப்பு வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூன்று வடை சாப்பிட்டால் இவர் நான்கு சாப்பிடுவார், பிறகு இரண்டு நாள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு கிடப்பார். அந்த ஓமத்தண்ணீரையும் அக்காதான் போட வேண்டும்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலிக்கு இருந்தேன். ஆர்டர் வரவில்லை என்று முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுப் பின்வராந்தாவில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டேன். நான்கு மாதமாக அங்கேதான் சாப்பாடு. அந்த நான்கு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். ஆகவே ஒரு சாயங்காலம் அவராகவே வந்து என் பாயில் உட்கார்ந்தபோது ஏதோ வேண்டியிருக்கிறது என்று புரிந்தது.

"மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம உனக்கு இன்னா வேல கீது?"

"ஒண்ணுங் கெடையாது மாமா."

"அப்ப நீதான் அஞ்சாவது முடிச்சு."

குவார்ட்டர்சில் அதிகாரிகளின் மனைவிமார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'குடும்ப நடை' என்று ஒன்றை நடத்துவார்கள். அந்த வருடம் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு அநாதை விடுதிக்குச் சமையல் கொட்டகை போட்டுக் கொடுப்பதற்காக நடை. காற்றில் பழைய கொட்டகையின் கூரை போய்விட்டதாம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, ஒரு குடும்பத்துக்கு ஐந்து பேர், புருஷனும் பெண்சாதியும் கட்டாயம் இருக்க வேண்டும். முதலில் போய்ச்சேரும் குடும்பத்துக்கு ஒரு கேடயம்.

முந்திய வருடம் குடும்பத்தோடு வந்துசேர வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளை நடுரோட்டில் விட்டுவிட்டுத் தனியாக ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அதில் முதலில் போய்ச் சேர்ந்தவர் நம்முடையவர். எல்லோருக்கும் பின்னால், முறுக்கு தின்றுகொண்டு, ஐந்து பேரும் ஒன்றாக வந்த ஒரு போர்மேனின் குடும்பத்துக்குக் கேடயம் போய்விட்டது. அந்தக் காயம் இவருக்கு ஆறவேயில்லை. இவரைப் போன்றவர்களுக்காகவே அந்த வருடம் சங்கத்தார் கயிறு கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு நூல்கயிறு, அதில் ஐந்து முடிச்சு. முடிச்சுக்கு ஒரு ஆள் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். யாராவது கையை விட்டால் சைக்கிளில் வரும் வாலண்டியர் பிகில் ஊதி, முன்னால் போகிறவரின் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ஒரு பெருக்கல் குறி போடுவான். மூன்று குறி விழுந்தால் அந்தக் குடும்பம் போட்டியில் கிடையாது.

முந்திய வருடம் ஐந்தாவது ஆளாக நடந்தவர் இவருடைய தம்பி. அந்த ஒரு நடையோடு, அண்ணன் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று அவர் வெள்ளானூரிலேயே இருந்துவிட்டார். வேறு ஆள் இல்லாமல்தான் இவர் என் பாய்க்கு வந்தார்.

நான் நடப்பதில் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நெல்லூரிலிருந்து கூடூர் வரை நடந்தவன். என் கவலை அக்கா. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, தூரம் நடக்கக்கூடாது என்று டாக்டரம்மா என் எதிரில்தான் சொன்னார். அதை இவரிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அன்னிக்கு மூணு மாசத்துக்குப் பதினோரு நாளுதான் பாக்கி. பள்ளிக்கூடத்துல பதினோரு மார்க்கு கம்மியா இருந்தாக்கூட கிரேஸ் போட்டு பாஸ் பண்ணி உட்றாங்கோ. நீ எட்டாவதோட நின்னவன், உனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அக்காவிடம் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உடுடா தம்பி. நடக்கறதுதான. நான் வரலன்னா ஏன் வரலன்னு கேப்பாளுங்கோ. இன்னான்னு சொல்றது?"

அதுதான் விஷயம். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இவர் பிளாக்கில் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி வைத்துவிட்டார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்றால் அது ஏதோ ஓட்டத்தில் பாதியில் நின்றுபோனதைப் போல் அவருக்கு. அக்காவும் வெட்கப்பட்டுக்கொண்டு அதையே சொன்னாள். குடல்வால் எடுத்தவர்கள் ஒரு மாதத்தில் சைக்கிளே மிதிப்பார்கள். நடக்கமாட்டேன் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லாமல் போயிற்று.

துணி காயப்போடும் கயிற்றில் ஐந்து முடிச்சுப் போட்டு, சாயங்காலத்தில் தண்ணீர் டேங்கைச் சுற்றி எங்களுக்குப் பயிற்சி நடந்தது. அவர், அவர் மகன், மகள், நான். மகளுக்குப் பதினான்கு வயது. கூடப்படிக்கிற பெண்கள் மாடியிலிருந்து பார்ப்பார்கள் என்று தாவணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அக்காவைப் பயிற்சிக்கு வர வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டு, "பாத்தியா, அவளுக்கு ரெஸ்ட் குட்த்துகீறேன்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கூடினோம். பேசுகிறவர்கள் தலையில் வெயில் படக்கூடாது என்று மேடைக்குப் பெரிய கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்து நசரத்பேட்டைக்கு அனுப்பியிருந்தால் அன்று மத்தியானமே விடுதிக்கு ஒரு கொட்டகை ஆகியிருக்கும். யாரும் நடந்திருக்க வேண்டாம். சங்கத்தின் தலைவியம்மா அன்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நம்முடையவர் அதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போர்மேன் குடும்பத்தின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு போட்டுகினு வந்துகீறாங்கோ. கண்டிப்பா அறுந்துபூடும்" என்று என் காதில் சொன்னார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

முதல் முடிச்சில் அவர், இரண்டாவதில் மகன், மூன்றாவதில் அக்கா, நான்காவதில் மகள், கடைசியில் நான். பின்னால் இருந்ததால் அக்காவின் நடை முழுவதும் எனக்குத் தெரிந்தது. பருத்திப்பட்டு ஏரி வரை சரியாகத்தான் வந்தாள். ஏரி தாண்டியதும் இடது கை கயிற்றில், வலது கை அடிவயிற்றில் என்று ஆயிற்று. எட்டு வைப்பது சின்னதாகிக்கொண்டே வந்தது. கழுத்துப் பின்னால் வேர்வை வழிந்தது. போர்மேன் குடும்பம் ஒரு விளக்குக் கம்ப தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கதை பேசிக்கொண்டு, யாருக்கோ கை காட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போட்டியில் இருப்பது அவர்களுக்கே நினைவில்லை. இவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு செக்கு மாடு மாதிரி இழுக்க ஆரம்பித்தார். அவர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அக்கா உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"இன்னாங்க, கொஞ்சம் குந்திட்டு போலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"குந்தினா காலு மரத்துபூடும். ஜெயிச்சிட்டு குந்துடி. நாள் பூரா குந்து, யாரு வேணான்றது?"

மகள் என் பக்கம் திரும்பி, "மாமா, அம்மாவால முடியல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்பது எனக்குத் தெரிந்ததே. மூன்று குறி விழுந்தால் அவர் தானாக நிற்க வேண்டியதுதான். நான் கயிற்றை விட்டேன். வாலண்டியர் பையன் பிகில் ஊதிக்கொண்டு வந்து அவர் அட்டையில் குறி போட்டான்.

"கை வழுக்கிடிச்சா மச்சான்?"

"ஆமா மாமா."

நூறு அடி போனதும் இரண்டு கையையும் விட்டு, நின்று, ஒரு பீடி பற்றவைத்தேன். மறுபடி பிகில். இரண்டாவது குறி.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்து, "மச்சான், உன் கால்ல உழறேன். எஸ்டேட்டுல உனுக்கு வேல வேணுமா? நாளைக்கே பேசி வாங்கித் தர்றேன். எனுக்கு ஆளு கீறாங்கோ. கயித்த மட்டும் புடி" என்றார். நான்கு மாதமாக அவர் வீட்டுப் பின்பக்கம் வேலையில்லாமல் கிடந்தவன் நான். ஆள் இருப்பதை அன்றுவரை அவர் சொல்லவில்லை.

நான் பீடியை இன்னொரு இழுப்பு இழுத்தேன். அவர் அப்போது செய்த காரியம் அவர் ஒருவருக்குத்தான் தோன்றும். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, என் மணிக்கட்டை ஐந்தாவது முடிச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். வாலண்டியர் பையன் திகைத்துப்போனான்.

"சார், கட்றதெல்லாம் ரூல்ல கெடையாது சார்."

"கட்டக்கூடாதுன்னு ரூல்ல கீதா? காட்டு."

பையன் தன் நோட்டீசை எடுத்துப் பார்த்தான். இல்லை. கட்டிக்கொண்டு நடக்கும் ஒரு குடும்பத்தை அந்த அம்மாள்கள் யோசித்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் கட்டிய கையோடு தார் ரோட்டில் உட்கார்ந்தேன்.

கயிறு நின்றது. அவர் முன்னாலிருந்து இழுத்தார். நான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய உடம்பு, நகரவில்லை. இப்போது முடிச்சை அவிழ்க்கவும் அவருக்கு மனசில்லை. அவிழ்த்தால் என் கை கயிற்றை விட்டுவிடும், மூன்றாவது குறி விழும். அவிழ்க்காவிட்டால் ஒரு அடிகூடப் போக முடியாது. பின்னால் வந்த குடும்பங்கள் எங்களைத் தாண்டிப் போயின. மினிலாரியில் போன ஒருவன் தலையை வெளியே நீட்டி, "அண்ணாத்தே, மாடு படுத்துகிச்சா? வால முறுக்கு, எழுந்துக்கும்!" என்று கத்திவிட்டுப் போனான். அவர் மகனே சிரித்துவிட்டான். அவனுக்கு ஒரு அறை விழுந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் அக்கா சத்தமில்லாமல் தன் முடிச்சை விட்டாள். நான்கு அடி நடந்து மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். பையன் பிகில் ஊதினான். மூன்றாவது குறி. அவர் அக்காவைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார்.

எதிரே பன்னும் டீயும் விற்கிற ஒரு பாய் கடை. பாயின் மனைவி கடைக்குள்ளிருந்து அக்காவைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வேகமாக ரோட்டைக் கடந்து வந்தார். வந்ததும் தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்து அக்கா இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அப்போதுதான் புடவையின் பின்புறத்தை நான் கவனித்தேன். ரத்தம்.

"கூட வந்த ஆம்பள எங்கம்மா? ரத்தம் போவுது, பாத்துகினு நிக்கிறாங்களே!" என்றார்.

ஆம்பளை வாலண்டியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையை விட்டால்தானே குறி, மயக்கம் வந்தாலும் குறியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மணிக்கட்டுக் கட்டைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டு போய் ரத்தம் என்று சொன்னேன். மதகுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ரோட்டை ஒரு தரம் பார்த்தார்.

"நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ மச்சான். இன்னும் மூணு கிலோமீட்டர்தான். நான் இத முடிச்சிட்டு ஜல்தியா வந்துட்றேன்" என்றார். அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, காலி முடிச்சுகளைத் தன் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று குறி விழுந்த அட்டையைக் கழற்றி ஜேபிக்குள் போட்டுக்கொண்டார் என்று மகன் பிறகு சொன்னான். பூந்தமல்லியில் மைக்குக்கு முன்னால் நின்று சத்தம் போட்டிருக்கிறார். வாயை அடைப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கொடுத்து அனுப்பினார்களாம். வாங்கிக்கொண்டாராம்.

பாய் ஓடிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அவர் மனைவி எங்களோடு ஏறிக்கொண்டு, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி வரை அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா என்னைத்தான் புருஷன் என்று நினைத்தார்.

"உங்களுக்கு அறிவு இருக்கா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பொம்பளைய என்னன்னு நெனச்சீங்க?" என்று வார்டே கேட்கும்படி திட்டினார். தம்பி என்று நான் சொல்லவில்லை. நான்கு மாதம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் அதில் பங்கு உண்டு. பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஐந்தாவது ஆள் இல்லாமல் நடையே இருந்திருக்காது. பின்வராந்தா போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன்.

உள்ளே ஒரு தையல் விட்டிருந்தது. மறுபடி போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, இன்னும் மூன்று கிலோமீட்டர் நடந்திருந்தால் தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார்.

மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். போர்மேனின் மனைவியும் வந்திருந்தார். நம்முடையவர் பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணுமில்ல, குடல்வால் எடுத்த எடத்துல லேசா புடிச்சிகிச்சி, அவ்ளோதான்" என்றார்.

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"குடல்வால் இல்லக்கா. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கோ. மூணு மாசம் முடியல. அதோடதான் நடந்தேன்."

போர்மேனின் மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனுக்கும் எட்த்தாச்சு. போன வருசம் நடந்தப்போ எட்த்து எட்டு மாசம். வழியில அஞ்சு தபா குந்தினேன். குந்தும்போதுல்லாம் எங்க ஊட்டுக்காரரு முறுக்கு வாங்கிக் குட்த்தாரு. வாயத் தொறந்து சொல்லக்கூடாதா நீ? நான் வந்து உன் புருசங்கிட்ட பேசியிருப்பேனே."

"எனக்கும்தான்" என்று இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னாள். பின்னால் நின்றிருந்த மூன்றாவது பெண் தலையை ஆட்டினாள். அக்கா அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

அவருக்கு இது எதுவும் எட்டவில்லை. நெற்றியைச் சுருக்கி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு போர்மேனின் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"எட்டு மாசமா? எட்டு மாசங் கழிச்சா நடந்தீங்கோ? இவ ரெண்டு மாசம் பத்தொம்போது நாள்லயே ஆறு கிலோமீட்டர் நடந்துட்டா. குந்தவேயில்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெண்கள் அவரைப் பார்த்த பார்வையை நான் பம்பாயில் ஓட்டல் குப்பைத்தொட்டியைக் கிளறுகிறவர்களைப் பார்ப்பவர்களிடம்கூடக் கண்டதில்லை.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். "சிஸ்டர்" என்று நர்சைக் கூப்பிட்டாள். "இந்தாள வெளிய அனுப்புங்கோ. இனிமே நான் சொன்னாத்தான் உள்ள உடணும்."

பெண்கள் வார்டில் ஆண்களுக்கு நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்லி அவரை அனுப்பினார். எனக்கு நேரம் முடியவில்லை போலிருக்கிறது, என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் அக்கா குவார்ட்டர்சுக்குப் போகவில்லை. வேலப்பன்சாவடியில் எங்கள் சித்தி வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னாள். பிள்ளைகள் சனி ஞாயிறு வந்து போனார்கள். அப்பாதான் இப்போது சமைக்கிறார் என்றும், பக்கத்து வீட்டு ரசத்தைவிடத் தன் ரசம் உசத்தி என்று தாழ்வாரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் மகள் சொன்னாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவரே ரிக்‌ஷாவோடு வந்து வாசலில் நின்றார்.

"போலாமா?" என்று கேட்டார்.

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடக்கறதுக்கு எனுக்கு இன்னும் நாளாவும். நீங்க போங்கோ" என்றாள். தயிரை ஊற்றிப் பிசைந்து, மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதே ரிக்‌ஷாவில் ஏறிப் போனார்.

அவள் தானாகக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இழுக்கிற வரைக்கும் நான் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு ஓசூர் பக்கம் போகும் ஒரு லாரி கிடைத்தது.